ஒன்பது நாள், ஏழு நிலம்

மே 10, முதல் நாள்: புல்வெளி

இந்த விடுமுறையில் வெளியே எங்கும் செல்லாமல், வீடியோ கேம்களுக்குள்ளேயே ஒரு பயணம் போய்வருவதென்று முடிவு செய்தேன். ஆட்டத்தை முடிப்பதோ மதிப்பெண் சேர்ப்பதோ என் நோக்கமல்ல. புல்வெளி, மணல், பனி, நெருப்பு, சேறு, மழை, நீர் என்று லெவல்களை, அதாவது ஆட்டத்தின் கட்டங்களை, அமைப்பவர்கள் திரும்பத் திரும்பப் படைத்துவரும் ஏழு நிலங்களிலும் நடந்து பார்த்து, அவற்றுள் எது எனக்கு உண்மையாகவே பிடித்த நிலம் என்பதைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே ஆசை. புறப்படும்போது என்னிடம் ஒரு விடை தயாராக இருந்தது: பிடித்தது பனி, பிடிக்காதது நீர்.

1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலிலிருந்து நடையைத் தொடங்கினேன். அந்த கேம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இட நெருக்கடியால் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே ஓவியமாகவே அமைந்தன. வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். அடுத்த லெவலில் நிலத்தடிக்கு இறங்கினால், மேலே பழுப்பாகக் கண்ட செங்கல்லே கீழே நீலமாக நிற்கிறது. நம் ஐந்திணையில் பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது; முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து இயல்பு திரிந்தால் அதுவே பாலை. நிறம் மாறினால் நிலம் மாறும் என்ற அந்த எண்ணத்தை இந்தச் செங்கற்களில் கண்டபோது மனம் சற்று நின்றது.

ஆனால் நிறம் மட்டும் போதுமா என்ற கேள்வி மாலையில் வந்தது. 1991இல் வந்த சோனிக் என்னும் ஓட்ட கேமின் முதல் பகுதியான கிரீன் ஹில்லில், சதுரக் கட்டமிட்ட பழுப்பு மண்ணும் அருவிகளும் கண்ணுக்கு இனியவைதான். என்றாலும் நினைவில் நிற்பது சரிவில் இறங்கும்போது தானாகக் கூடும் வேகம். நிலம் காலைப் பிடித்து இழுக்கிறது. இந்த ஒன்பது நாளும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளப் போகிறேன்: இந்த இடம் என் நடையை என்ன செய்தது?

மே 11, இரண்டாம் நாள்: மணல்

காலையில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3இன் பாலைவன உலகுக்குச் சென்றேன். 1988இல் வந்த இந்த கேமில் ஒரு மணல் லெவலின் வானத்து மூலையில் முகம் சுளித்த சூரியன் ஒன்று தொங்குகிறது. பாதி வழி வரை அது வெறும் ஓவியம் என்றே நம்பி நடப்போம். திடீரென்று அது இடம்விட்டுப் பெயர்ந்து, வளைந்து வளைந்து நம்மேல் பாய்கிறது. வெயில் ஒரு பகைவனாக நம்மைத் துரத்துகிறது; பாலையின் கொடுமைக்கு இதைவிட எளிய படத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பிற்பகல் முழுவதையும் ஜர்னிக்குக் கொடுத்தேன். 2012இல் தட்கேம்கம்பெனி வெளியிட்ட இந்த கேமை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். எனக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. இங்கே மணல் நீரைப்போல அலையடிக்கிறது. மேட்டில் ஏறும்போது கால் புதைந்து நடை தளர்கிறது, சரிவில் இறங்கும்போது உடல் வழுக்கிப் பறக்கிறது. தொலைவில் ஒரு மலை, அதன் உச்சியில் ஓர் ஒளிப்பிளவு. வேறு வழிகாட்டி கிடையாது.

இரண்டாவது சமவெளியில் வெண்ணிற அங்கி அணிந்த ஒருவர் எதிரே வந்தார். அவர் எந்த நாட்டிலிருந்து ஆடுகிறார், என்ன மொழி பேசுபவர் என்பதை அறிய வழியில்லை, ஏனெனில் இந்த கேமில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் எழும் இசைத்துளி ஒன்றுதான் இருவருக்கும் பொதுவான சொல். வெண்ணிற அங்கி என்பது மறைந்திருக்கும் குறியீடுகள் அனைத்தையும் கண்டெடுத்தவருக்குக் கிடைப்பது. அத்தனை முறை இவ்வழியே நடந்த ஒருவர், முதன்முறை வந்தவரைப்போல் தடுமாறிய எனக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் காத்து நின்றார். நான் பின்தங்கினால் இசைத்துளியை எழுப்பினார், ஒளிந்திருந்த குறியீட்டின் அருகே சென்று நான் வரும்வரை வட்டமிட்டார். அருகருகே நின்றால் இருவரின் சால்வைக்கும் பறக்கும் ஆற்றல் நிரம்பும் என்பதால், இடிபாடுகளின்மீது தொட்டும் பிரிந்துமாக ஏறினோம்.

மலையடியில் பனிக்காற்று தொடங்கியது. குளிரில் சால்வைகள் சுருங்கின. காற்று வீசும்போதெல்லாம் கற்களின் மறைவில் ஒண்டிக்கொண்டு, அது ஓயும் இடைவெளியில் நகர்ந்தோம். அந்தக் குளிரிலும் அவர் என் பக்கத்தை விடவில்லை. முடிவில் எழுத்துகள் ஓடியபோது, வழித்துணையாக வந்தவரின் பெயர் முதன்முறையாகத் திரையில் தோன்றியது. அதைக் குறித்துக்கொள்ளாமல் பார்த்துவிட்டு அப்படியே விட்டேன். அவர் அப்படித்தான் விரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

மே 12, மூன்றாம் நாள்: பனி

எனக்குப் பிடித்த நிலம் என்று நம்பியிருந்த இடம் இது. ஆகவே மூன்று இடங்களில் தங்கினேன்.

முதலில் 2017இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட். தொடக்கப் பீடபூமியின் தெற்கே உள்ள ஹைலியா மலையில், தக்க உடையின்றிச் சென்றால் திரையில் இதயச் சின்னங்களாகத் தெரியும் உயிர் குளிரில் ஒவ்வொன்றாகக் குறையும். நான் கையில் ஒரு தீப்பந்தத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டேன். தீப்பந்தம் உண்மையிலேயே உடலைச் சூடாக வைத்திருக்கிறது. ஆனால் வழியில் ஓடையைத் தாண்ட முயன்று நீரில் விழுந்தேன். பந்தமும் அணைந்தது, உறைநீர் மிச்சமிருந்த உயிரையும் வாங்கிக்கொண்டது. இரண்டாம் முறை முறையாகச் சமைத்துக்கொண்டு சென்றேன். பீடபூமியில் விளையும் காரமான மிளகாய்களைப் பறித்துச் சட்டியில் இட்டால், உண்டபின் சில நிமிடங்கள் குளிர் தாங்கும் உணவு கிடைக்கிறது. அங்கே குடிசையில் வாழும் முதியவர் ஓர் உணவின் செய்முறையைப் பாதி மறந்துவிட்டார்: இறைச்சியும் மிளகாயும் தெரிகிறது, மூன்றாவது பொருள் நினைவில்லை. அது ஆற்றுமீன் என்று கண்டுபிடித்துச் சமைத்துக் காட்டினால், தன் குளிர்ச்சட்டையையே கழற்றிக் கொடுத்ததுபோல் ஒன்றைத் தருகிறார். பனி நிலத்தில் கையிலுள்ள இறைச்சியைத் தரையில் வைத்தால் சற்று நேரத்தில் அது உறைந்துவிடுவதையும் கண்டேன். அதை எடுத்துவைத்துக்கொண்டால் பின்னர் பாலைவெயிலில் உண்டு குளிரலாம். ஒரு நிலத்தின் வானிலை இன்னொரு நிலத்துக்குக் கட்டுச்சோறாகிறது! இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்களை வணங்கத் தோன்றுகிறது.

அடுத்து 1996இன் சூப்பர் மாரியோ 64. பனிமலை உச்சியில் தாயைப் பிரிந்து கதறும் பென்குயின் குஞ்சை அடிவாரத்தில் காத்திருக்கும் தாயிடம் சேர்க்க வேண்டும். பனிச்சரிவில் கால் வழுக்குவது எப்போதும் உள்ளதுதான், ஆனால் கையில் ஓர் உயிரை ஏந்திக்கொண்டு வழுக்கும்போது ஒவ்வோர் அடியும் பொறுப்பாகிறது. சேர்த்துவிட்டால் தாய் மகிழ்ந்து நட்சத்திரம் தருகிறாள். அதன்பின் மீண்டும் குஞ்சைத் தூக்கினால் கண் சிவந்து பின்தொடர்கிறாள். எதுவும் செய்யாமல் நின்றால் மாரியோ குளிரில் நடுங்குகிறான்.

மூன்றாவது, டாங்கி காங் கன்ட்ரியின் பனி லெவல். 1994இல் வந்தது. தூறலாகத் தொடங்கும் பனி, போகப்போக அடர்ந்து, நம்மை ஏவிவிடும் பீப்பாய்களையே மறைத்துவிடுகிறது. விரல்கள் நினைவை நம்பித்தான் அழுத்த வேண்டியிருந்தது.

இரவு இதை எழுதும்போது பனி இன்னும் முதலிடத்தில்தான் இருக்கிறது. ஆயினும் அடுத்த நிலங்களை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

மே 13, நான்காம் நாள்: நெருப்பு

எரிமலை லெவல்களில் எனக்கு அலுப்பு உண்டு. பெரும்பாலானவற்றில் செந்நிறக் குழம்பு வெறும் பள்ளத்துக்குப் பதிலாகவே நிற்கிறது. விழுந்தால் சாவு, அவ்வளவுதான். நிறம் மட்டும் மாறிய நிலம்.

மைன்கிராஃப்ட் கேமின் நெதர் என்னும் நெருப்புலகம் அப்படியல்ல. அங்கே நமது பழக்கங்களே செல்லுபடியாவதில்லை. வாளியிலிருந்து நீரை ஊற்றினால் அது சீறி ஆவியாகிவிடுகிறது, திசைகாட்டி சுழன்றுகொண்டே இருக்கிறது. அங்கு வாழும், பன்றி முகம் கொண்ட பிக்லின்கள் உடலில் ஒரு தங்கக் கவசமாவது இல்லாத விருந்தினரைத் தாக்குவார்கள். கவசம் அணிந்திருந்தால் வணிகத்துக்கு இசைவார்கள். விலை ஒன்றே ஒன்றுதான், ஒரு தங்கக் கட்டி. அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்களுக்குத் தோன்றிய எதையாவது நம் காலடியில் எறிவார்கள். நான் 11 கட்டி கொடுத்தேன், கிடைத்தவற்றில் மிகுதி சரளைக்கல். களைத்துப்போய், ஒரு மூலையில் சுவர் எழுப்பிக் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். நெதரில் படுக்கை வெடிக்கும் என்பது எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். களைப்பில் அது நினைவுக்கு வரவில்லை. மூன்று மணி நேரச் சேமிப்பு அனைத்தும் அந்தத் தீயில் போயிற்று.

மே 14, ஐந்தாம் நாள்: சேறு

2011இன் டார்க் சோல்ஸில் பிளைட்டவுன் என்னும் குடியிருப்பு, அழுகிய மரப்பலகைகளாலும் ஏணிகளாலும் ஆனது. இறங்க இறங்க இருள். இருளில் மறைந்திருப்பவர்கள் நச்சு ஊசிகளை ஊதுகிறார்கள். அடித்தளத்தில் விரிந்து கிடக்கும் சேற்றில் கால்வைத்தால் நடை பாதியாகிறது, ஓடவோ உருளவோ முடிவதில்லை, நஞ்சு மெல்ல ஏறுகிறது.

அந்த இருட்டில் வேறு ஆட்டக்காரர்கள் தரையில் விட்டுச்சென்ற குறிப்புகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. இக்குறிப்புகளைச் சொந்தச் சொற்களில் எழுத முடியாது. கொடுக்கப்பட்ட சில சொற்றொடர்களைப் பொருத்தியே எழுத வேண்டும். எனவே நல்லவரையும் வஞ்சகரையும் நடையைக் கொண்டு பிரித்தறிய இயலாது. முன்னே புதையல் என்று ஒருவர் எழுதியதை நம்பிப் பலகையின் விளிம்பைத் தாண்டி விழுந்தேன். ஆனால் சேற்றின் நடுவே இன்னொருவர், ஒரு சாக்கடைக் குழாயைச் சுட்டி, அங்கே ஓய்விடம் உண்டு என்று குறித்திருந்தார். போய்ப் பார்த்தேன், உண்மையாகவே ஒரு தீமூட்டம் இருந்தது. அதனருகில் அமர்ந்தபோது ஏற்பட்ட ஆறுதலை எந்த அழகிய லெவலும் எனக்குத் தந்ததில்லை. விரும்பி மீண்டும் செல்வேனா என்றால் மாட்டேன். மறப்பேனா என்றால் அதுவும் முடியாது.

மே 15, ஆறாம் நாள்: மழை

காலையில் மீண்டும் பிரெத் ஆஃப் த வைல்ட். செங்குத்தான பாறையில் முக்கால் பங்கு ஏறியிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பாறையில் சில பிடிகளுக்கு ஒருமுறை கை வழுக்கும், ஏறியது குறையும், மூச்சும் தீரும். ஏறும் முயற்சியைக் கைவிட்டு இறங்கிச் சாலைக்கு வந்தால், எதிரே வந்த வழிப்போக்கர்களும் தலையைக் கையால் மறைத்தபடி ஒதுங்க இடம் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். குதிரை லாயம் ஒன்றில் தங்கினேன். அந்த கேமின் நாணயமான ரூபியில் சாதாரணப் படுக்கை 20, மெத்தைப் படுக்கை 40. மெத்தையில் உறங்கினால் எழும்போது கூடுதலாக ஓர் இதயம் கிடைக்கும் என்பதால் 40 கொடுத்தேன்.

பிற்பகலில் ஹாலோ நைட். பூச்சிகளின் அழிந்த அரசு ஒன்றில் நடக்கும் இந்தப் பயணத்தை 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்னும் சிறு குழு வெளியிட்டது. நிலவரைபடம் இலவசமாகக் கிடைப்பதில்லை. கார்னிஃபர் என்னும் வரைபடக்காரர் எங்கோ அமர்ந்து முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வரைந்துகொண்டிருப்பார். சிதறிக் கிடக்கும் காகிதங்களையும் அந்தப் பாட்டையும் பின்பற்றிச் சென்றால் கண்டுகொள்ளலாம். முதல் பகுதியின் படத்துக்கு, இந்த அரசின் நாணயமான ஜியோவில் 30. படத்தில் நாம் நிற்கும் இடம் தெரிய வேண்டுமானால், அவருடைய மனைவியின் கடையில் 220 ஜியோ கொடுத்துத் திசைகாட்டி வாங்க வேண்டும். அந்தத் தொகையைச் சேர்க்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று, நடுவில் ஒருமுறை இறந்து, விட்டுவந்த பணத்தைத் திரும்பப் பெறப் போகும் வழியில் மறுபடி இறந்து, அனைத்தையும் இழந்தேன்.

பிறகு கண்ணீர் நகரம். நிலத்தடியில் இருக்கும் அந்த நகரத்தில் ஓயாமல் மழை பெய்கிறது. மேலே இருக்கும் ஏரியின் நீர்தான் பாறையில் கசிந்து மழையாக இறங்குகிறது என்பதைப் பின்னால் ஏரிக்கரைக்குப் போனபோது புரிந்துகொண்டேன். ஒரு கட்டடத்தின் பெரிய சன்னலருகே உள்ள இருக்கையில், வழியில் முன்பும் சந்தித்திருந்த குவிரல் என்னும் பயணி அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவரருகே அமர்ந்தேன். இங்கே மழை நடையைத் தடுப்பதில்லை, வழுக்குவதுமில்லை. என் அளவுகோலின்படி இது வெறும் வண்ணம் பூசிய நிலம் என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் அரை மணி நேரம் எந்தப் பொத்தானையும் தொடாமல் இருந்தேன். நடையை நிறுத்திவைப்பதும் ஒரு நிலம் செய்யக்கூடியதுதான் என்பதை அளவுகோலில் சேர்த்துக்கொள்கிறேன்.

மே 16, ஏழாம் நாள்

கட்டைவிரல் வீங்கிவிட்டது. நெடுநேரம் ஆட முடியவில்லை. டாங்கி காங் கன்ட்ரியின் கடலடி லெவலைத் தொடங்கிவிட்டு, கன்ட்ரோலரைத் தரையில் வைத்து, இசையை மட்டும் கேட்டேன். அந்த கேமில் நீருக்கடியில் மூச்சுக் கணக்குக் கிடையாது. பொத்தானை அழுத்தாவிட்டால் நாம் ஆட்டுவிக்கும் குரங்கு மெல்ல இறங்கி அடியில் நின்றுவிடுகிறது. டேவிட் வைஸ் அமைத்த அந்த இசை நீண்ட அலைகளாக வந்துகொண்டே இருந்தது. நாளை நீர் லெவல்கள். இத்தனை ஆண்டுகள் நான் தவிர்த்துவந்தவை.

மே 17, எட்டாம் நாள்: நீர்

வெறுப்பு தொடங்கிய இடத்துக்கே முதலில் போனேன். சோனிக்கின் லேபிரிந்த் பகுதியில் நீருக்குள் இறங்கினால் அந்த வேகக்காரனின் கால்கள் கனக்கின்றன. மூச்சு அரை நிமிடம்தான். தரையின் துளையிலிருந்து எப்போதாவது எழும் பெரிய காற்றுக்குமிழைப் பிடித்தால் பிழைக்கலாம். மூச்சு தீரும் தறுவாயில் இசை மாறி, ஐந்திலிருந்து எண்கள் இறங்கத் தொடங்கும். சிறு வயதில் அந்த இசை கேட்டதும் கன்ட்ரோலரைக் கீழே போட்டிருக்கிறேன். இன்றும் நெஞ்சு படபடத்தது. இருந்தாலும் குமிழ் வரும் இடத்தில் அசையாமல் காத்து நிற்கப் பழகிக்கொண்டேன். மூன்றாவது முயற்சியில் பகுதியைக் கடந்தேன்.

அடுத்து 1998இன் செல்டா: ஒக்கரீனா ஆஃப் டைம். அதன் நீர்க்கோயிலில் நான் பல மாதங்கள் சிக்கிக் கிடந்திருக்கிறேன். கோயில் முழுவதும் ஒரே நீர்த்தொட்டி. மூன்று மட்டங்களில் நீரை ஏற்றவும் இறக்கவும் முடியும். ஒவ்வொரு மட்டத்திலும் திறக்கும் கதவுகள் வேறு. இரும்புக் காலணி அணிந்தால் அடியில் நடக்கலாம், கழற்றினால் மிதக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலைத் திறந்துதான் மாற்ற வேண்டும். 2011இல் வந்த மறுபதிப்பில் காலணியை ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். நீர்மட்டத்தை மாற்றும் இடங்களுக்கு வழிகாட்டும் வண்ணக் கோடுகளும் சுவரில் உண்டு. நான் பழையதையே ஆடினேன். நடுத்தூணின் உள்ளே, நீர் ஏறியதும் மிதந்து எழும் கட்டையின் அடியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கேதான் அன்று நான் கண்டுபிடிக்காத சாவி இருந்தது. இன்று அதை எடுத்தபோது கோபம் வரவில்லை. இந்தக் கோயிலில் ஒரே அறை மூன்று அறைகளாக இருக்கிறது, நீரே அதன் சாவி என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்து முழுமையாக உணர்ந்தேன்.

மாலையில் சூப்பர் மாரியோ 64இன் விரிகுடா. கரையில் நிற்கும்போது இசை மென்மையாக இருக்கிறது, நீருக்குள் மூழ்கியதும் அதன்மேல் நரம்பிசை வந்து சேர்கிறது, குகைக்குள் நுழைந்ததும் தாளமும் சேர்கிறது. இங்கே மூச்சையும் உயிரையும் திரையில் ஒரே வட்டம்தான் காட்டுகிறது. மேலே வந்து ஒரு மூச்சு எடுத்தால் பட்ட காயமும் ஆறிவிடும். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று படித்திருக்கிறோம். நீர் லெவல்களின் இசை மட்டும் ஏன் எங்கும் மற்ற லெவல்களைவிட இளகியிருக்கிறது என்பதை யோசித்தபடி, ஆழத்தில் கிடக்கும் கப்பலைச் சுற்றி நீந்தினேன்.

மே 18, ஒன்பதாம் நாள்: இன்னும் நீர்

இன்று திட்டப்படி பனிக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. 2018இல் முழுமையாக வெளிவந்த சப்நாட்டிகாவைத் தொடங்கினேன்.

விண்கலம் விழுந்து, கடலே உலகாக இருக்கும் கோளில் ஒரு மீட்புக்கூட்டின்மீது நிற்கிறோம். தொடக்கத்தில் மூச்சு 45 வினாடி. முதல் காற்றுக்கலன் செய்துகொண்டால் 75. நூறு மீட்டருக்குக் கீழே போனால் தக்க கருவி இல்லாதவருக்குக் காற்று விரைவாகத் தீரும் என்பதை அறியாமல் இறங்கி ஒருமுறை மூழ்கிப்போனேன். குடிநீரையும் கடலிலிருந்தே பெற வேண்டும். பிளாடர்ஃபிஷ் என்னும் வழவழப்பான மீன் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தால் இயந்திரம் அதிலிருந்து நீரைப் பிரித்துத் தருகிறது. பெரிய கண்களுடைய பீப்பர் மீனைச் சுட்டு உண்டேன். சுட்ட மீன் விரைவில் கெட்டுவிடும். உப்பிட்டுப் பதப்படுத்தினால் கெடாது, ஆனால் உண்டபின் தாகம் கூடும். இதைக் கணக்குப் பார்க்காமல் உப்புமீனை மட்டும் கட்டிக்கொண்டு தொலைவுக்குச் சென்று தாகத்தில் தவித்தேன்.

பாசிக்காட்டில் பகல் ஒளி பச்சையாக இறங்குகிறது. உயர்ந்த கொடிகளின் நடுவே மஞ்சள் விதைக்கொத்துகள் விளக்குகளாகத் தொங்குகின்றன. அங்கே திரியும் ஸ்டாக்கர் என்னும் நீண்ட வாய்கொண்ட வேட்டைமீன்கள் உலோகத் துண்டுகளைக் கவ்விச் சென்று சேர்த்துவைக்கின்றன. முதலில் என்னைக் கடித்த ஒன்றுக்கு, கையிலிருந்த பீப்பரை நீட்டினேன். உண்டுவிட்டு விலகிப்போனது. அதன்பின் அருகில் நீந்தியும் அது என்னைத் தொடவில்லை.

புல்வெளியில் சரிவு இழுத்தது, மணலில் கால் புதைந்தது, பனியில் வழுக்கியது, சேற்றில் நின்றது. அவை எல்லாவற்றிலும் காலுக்குக் கீழே தரை ஒன்று இருந்தது. நீரில் தரையே இல்லை. எந்தத் திசையும் வழிதான், எல்லா வழிக்கும் விலை மூச்சு. சிறு வயதில் நான் அஞ்சியதும் இதைத்தான். இன்று இரவு 90 மீட்டர் ஆழத்தில், செந்நிறப் புல் அலையும் தரைக்குமேல் நீந்திக்கொண்டிருந்தபோது, தொலைவில் எதுவோ கத்திய ஓசை கேட்டது. காற்று 20 வினாடிதான் மிச்சம். மேல்நோக்கி நீந்தினேன். நான்கு வினாடி இருக்கும்போது நீர்ப்பரப்பைக் கிழித்துத் தலை வெளியே வந்தது. அலைகளுக்கு மேலே பெரிய நிலவு. மூச்சு நிரம்பும் ஓசை அடங்கும்வரை மிதந்துவிட்டு, அந்த ஓசை வந்த பக்கம் தலையைத் திருப்பி மறுபடி மூழ்கினேன்.